தொண்டையில் காய்த்த காப்பு

அவளுக்கும் ஒரு பெயர் இருந்தது. ஆனால் எங்கள் தெருவில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கூப்பிட வாயைத் திறப்பதற்குள் அவள் பேச ஆரம்பித்திருப்பாள். பேசிக்கொண்டே எதிரில் நிற்கிறவளை எதற்குக் கூப்பிடுவது?

கங்காணி வேலை பார்த்தாள். கம்பத்திலிருந்து விடியுமுன் கிளம்பி, மேட்டுப்பாதை ஏறி, கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிற ஜீப்புகளில் ஒன்று அவளுடையது. ஜீப் அவளுடையது என்றால் வண்டி இல்லை, அதற்குள் அடைபடுகிற பெண்கள். ஆள் சேர்ப்பது, ஏற்றுவது, தோட்டத்தில் நிரை பிரித்து நிறுத்துவது, காய் எடுக்காமல் நிற்கிறவளை மேல் சரிவிலிருந்து கீழ்ச் சரிவுக்கு வைவது, எல்லாமே வாய் வேலைதான். தெருமுனையில் நின்று, "ஏய், ஜீப்பு வந்திருச்சுடீ" என்று ஒரு தடவை விட்டால் வேலைக்கு வராதவர்கள் வீட்டிலும் விளக்கு எரியும். எங்கள் தெருவில் செல்போனில் அலாரம் வைக்கிற பழக்கமே கிடையாது.

நான் அவளுக்கு அடுத்த வீடு. அவள் ஜீப்பில்தான் நானும் போய்வந்தேன். எனக்கு நாலு பேர் முன்னால் பேச நாக்கு எழாது. அது அவளுக்கு ரொம்ப வசதியாகப் போய்விட்டது. ரேஷன் கடையில் எனக்கு என்ன வேண்டும் என்று அவள் சொல்லுவாள். என் மருமகள் எப்படிப்பட்டவள் என்று என்னிடம் கேட்டால் அவள் சொல்லுவாள். ஒருமுறை எனக்கு மூட்டுவலி. துணைக்கு வருகிறேன் என்று கூடவே வந்தாள். டாக்டர் என்னைப் பார்த்து, "என்னம்மா பண்ணுது?" என்றார். நான் எச்சிலை விழுங்கிக்கொண்டு முதல் வார்த்தையைத் தேடினேன்.

"இவளுக்கு வகுறுதான் சார் எல்லாத்துக்கும் காரணம்" என்றாள் அவள். "காலையில ஒண்ணும் திங்கிறதில்ல. ராத்திரி ஆறிப்போன களியத் திங்கிறா. வாயு முட்டிக்குள்ள எறங்கிருச்சு."

முழங்கால் வலிக்கு வாயு மாத்திரை தின்றவள் கம்பத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

என் கதையாவது பரவாயில்லை. ஜீப் ஓட்டுகிற செல்வத்துக்குத் திக்குவாய். முதல் எழுத்திலேயே மாட்டிக்கொள்வான். கொஞ்சம் பொறுத்தால் சொல் தானாக வந்து சேரும், நல்ல தெளிவாகவே வரும். பொறுக்கிற பிறவியா அவள்? அவன் உதட்டில் நிற்கிற சொல்லைப் பிடுங்கி, அவளே ஒன்றைச் செய்து அவன் வாயில் வைத்துவிடுவாள். மேடு ஏறுமுன் டீக்கடையில் நிறுத்துவோம். செல்வம் கடைக்காரரைப் பார்த்து வாயைக் குவிப்பான். அதற்குள், "அவனுக்கும் ஒரு டீயப் போடுண்ணே. இவன் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அங்கன காயெல்லாம் பழுத்துரும்" என்பாள். ஜீப்பே சிரிக்கும். செல்வமும் சிரிப்பான். வருஷக்கணக்காக டீ குடித்தான்.

"நல்லதுக்குத்தான் சொல்லுறேன். நான் பேசலைன்னா ஒங்கள எல்லாம் கழுதை கூடச் சீந்தாது" என்பது அவள் அடிக்கடி சொல்கிற வார்த்தை.

அப்படிப்பட்ட தொண்டைக்குக் கேடு வந்தது. முதலில் சாயங்காலத்தில் மட்டும் கரகரத்தது. பிறகு காலையிலேயே கரகரத்தது. கூப்பாடு போட்டால் பாதியில் உடைந்து வெறும் காற்று வந்தது. கனைத்துக் கனைத்துப் பார்த்தாள். தீராத சளிக்காரி மாதிரி எந்த நேரமும் ஒரு கனைப்பு. மிளகு, சித்தரத்தை, அதிமதுரம், பனங்கற்கண்டு என்று கிடைத்ததை எல்லாம் ஒரே நேரத்தில் வாயில் அடக்கிக்கொண்டாள். அடக்கிக்கொண்டும் பேசினாள். நாட்டுமருந்துக் கடையில் அதிமதுரம் கேட்கப் போனவள், கடைக்கார ராவுத்தரிடம் தன் தொண்டை கெட்ட வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து சொன்னாள். அவரும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் பொட்டலத்தைக் கையில் கொடுத்து, "நல்ல சரக்குத்தாம்மா. ஆனா இது வேலை செய்யணும்னா நீங்க மொதல்ல கடைய விட்டுக் கெளம்பணும்" என்றார்.

தோட்டத்துச் சூப்பர்வைசர் மலையாளி. ஒருநாள் சரிவில் அவள் கூப்பிட்டது கீழே இருந்த எங்களுக்குக் கேட்கவில்லை. நாங்கள் பாட்டுக்கு எடுத்த நிரையிலேயே திரும்ப எடுத்துக்கொண்டிருந்தோம். அவர் வந்து, "சேச்சி, ஒச்ச கேக்குன்னில்லல்லோ" என்றார். சத்தமே கேட்கவில்லையே என்று அர்த்தம். பிறகு எங்களுக்கும் புரிகிற மாதிரித் தமிழில் சொன்னார். "கூடலூர்க்காரி ஒருத்தி கங்காணி வேலை கேட்டுட்டே இருக்கா. நல்ல சத்தம் அவளுக்கு. நீங்க தொண்டைய சரி பண்ணிட்டு வாங்க. இல்லன்னா ஆளுகள அவகிட்ட விட்டுடலாம்."

அன்று ஜீப்பில் இறங்கி வரும்போது அவள் பேசவில்லை. வியாதி எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

தேனியில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எனக்குத் தொண்டையில் ஒன்றும் இல்லை. பஸ்ஸில் அவள் பேசுவதற்கு ஓர் ஆள் வேண்டும், அதற்காகக் கூட்டிப்போனாள். மூக்கு வழியாக மெல்லிசான வயரை உள்ளே விட்டு டாக்டர் பார்த்தார். வயர் உள்ளே இருக்கும்போதும் அவள், "தெரியுதா சார்" என்று கேட்டாள். அப்புறம் எங்களைப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மாவிடம் அனுப்பினார்கள். சின்ன வயசுப் பெண்தான். குரல் பஞ்சு மாதிரி இருந்தது.

"மம்பட்டி பிடிக்கிறவங்க கையில காப்புக் காய்க்கும்ல, அதே மாதிரிதாம்மா. தொண்டைக்குள்ள ரெண்டு நாண் இருக்கு. நீங்க ஓங்கிக் கத்துறப்ப எல்லாம் ரெண்டும் மோதி மோதி, மோதுற இடத்துல காய்ப்பு விழுந்திருக்கு. புத்து அது இதுன்னு பயப்படாதீங்க, டாக்டர் பாத்துட்டாங்க."

"காப்புக் காய்ச்சிருக்கா? தொண்டையிலயா?" என்றாள் அவள். முகத்தில் ஒரு பெருமை. என் பக்கம் திரும்பி, "பாத்தியாடி, ஒழைச்ச தொண்டை" என்றாள்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பேசுவீங்க?"

"தூங்குற நேரத்தையும் சேத்தா?"

பயிற்சியம்மா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கத்தக் கூடாது. கனைக்கக் கூடாது, கனைப்பு வந்தால் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும். அடுப்புப் புகையில் நிற்கக் கூடாது. கத்தக் கூடாது என்றதும் அவள், "சரி, இனிமே குசுகுசுன்னே பேசிக்கிறேன்" என்றாள். அதுவும் கூடாதாம். குசுகுசுவென்று பேசினால் சிலருக்குத் தொண்டை இன்னும் இறுகிப்போகுமாம்.

"அப்ப வாய எதுக்கும்மா சாமி வச்சான்?"

"அவசியத்துக்கு மட்டும் மெதுவாப் பேசுங்கன்னுதான் மத்தவங்களுக்குச் சொல்வேன். ஒங்களால அது முடியாதுன்னு தெரியுது. அதனால அடுத்து இங்க வர்ற வரைக்கும் பேசவே பேசாதீங்க. காய்ப்பு வத்துதான்னு பாப்போம். வத்தலைன்னா ஆபரேஷன் பத்தி யோசிக்கணும். ஆபரேஷன் பண்ணினாலும் இதே மாதிரி கத்தினா திரும்பவும் வரும். குரல் பழையபடி வரும்னு அப்ப நான் சொல்ல முடியாது."

ஒரு பயிற்சியும் கொடுத்தார். டம்ளரில் பாதித் தண்ணீர் வைத்து, அதற்குள் ஸ்ட்ராவை விட்டு, 'ஊ' என்று மெல்ல முனகிக்கொண்டே ஊத வேண்டும். தண்ணீர் குமிழி விடும். பிறகு உதட்டை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று மூக்கும் உதடும் அதிர்கிற மாதிரிச் சொல்ல வேண்டும். தொண்டையை நெரிக்காமல், வயிற்றிலிருந்து மூச்சை எடுத்து. பயிற்சியம்மா சொல்லிக்காட்டினார். அவள் செய்தாள். டம்ளரில் இருந்த தண்ணீர் முழுக்க மேஜை மேல் கிடந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில், தான் இனிமேல் பேசக் கூடாது என்பதை ஏறினவர்களுக்கும் இறங்கினவர்களுக்கும் கம்பம் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

மறுநாளிலிருந்து நிஜமாகவே வாயை மூடினாள். கூடலூர்க்காரி மேலிருந்த பயம் அப்படி. மூடுவதற்கு முன் கடைசியாக என்னிடம் சொன்னது இது: "எனக்குப் பதிலா நீ பேசு. ஒன் தொண்டைதான் பேசாம கொள்ளாம கடையில வாங்கினது மாதிரி அப்படியே புதுசா இருக்கு."

அவள் கிள்ளினால் நான் பேச வேண்டும். ஓங்கிக் கிள்ளினால் சத்தமாகப் பேச வேண்டும். விடியலில் தெருவில் என்னைத் தள்ளிக்கொண்டு போனாள். ஒரு மூடின கதவைப் பார்த்து, "ஜீப்பு வந்திருச்சுங்க" என்றேன். கதவுக்கே கேட்டிருக்காது. என் கை கன்றிப்போனது, ஜீப் பாதிதான் நிறைந்தது. அடுத்த நாள் ஒரு விசில் வாங்கிவந்து ஊதினாள். தெருவில் அத்தனை கதவும் திறந்தன. பெண்கள் எல்லாரும் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். எங்கள் ஊரில் விசில் ஊதிக்கொண்டு வருவது குப்பை வண்டிதான். "இந்நேரத்துக்கேவா வர்றாக?" என்று கேட்டுக்கொண்டே ஒருத்தி தன் வாளியை அவள் கையில் கொடுத்துவிட்டாள். அந்த நேரம் அவள் கண்ணைப் பார்த்தால், பயிற்சியம்மா சொன்ன பேச்சை அப்போதே காற்றில் விட்டுவிடுவாள் என்றுதான் தோன்றியது. பொறுத்துக்கொண்டாள். இடுப்பிலிருந்து பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தாள்.

டீக்கடையில் இன்னும் பெரிய கண்டம். செல்வம் கடைக்காரரைப் பார்த்து வாயைக் குவித்தான். "கா" என்று தொடங்கி அங்கேயே நின்றான். பிடுங்க ஆள் இல்லை. கடைக்காரர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம். அவள் ஜீப்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிள்ளை பெறும்போதுகூட அவள் முகம் அப்படிக் கோணியிருக்காது. கடைசியில், "காப்பி" என்றான் செல்வம். அதோடு நிற்காமல், "சீனி கம்மியா" என்றும் சொன்னான்.

யாரும் சிரிக்கவில்லை. அந்த நாட்களில்தான் ஜீப்புக்குள் யாருக்கு என்ன குரல் என்று எனக்கே தெரிந்தது. பின்சீட்டில் உட்காருகிற ஒருத்திக்கு அவ்வளவு நல்ல பாட்டுக் குரல் இருந்ததை அதுவரை யாரும் கேட்டதில்லை. கங்காணி மட்டும் முன்சீட்டில் உட்கார்ந்து, டம்ளரில் ஸ்ட்ராவை விட்டுக் குமிழி ஊதிக்கொண்டு வந்தாள். ஜீப் பள்ளத்தில் இறங்கினால் குமிழி முகத்தில் அடிக்கும்.

தேனிக்குப் போக வேண்டியதற்கு முந்தின நாள் அவளுடைய சம்பந்தியம்மா இறந்துபோனாள். காமயகவுண்டன்பட்டியில்தான் மகளைக் கட்டிக்கொடுத்திருந்தாள். சம்பந்திகள் இரண்டு பேருக்கும் கல்யாணத்தன்றே பந்தியில் இலை போடுகிற தகராறில் ஆகாமல் போய்விட்டது. அதனால் ஊரே அவளை எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் எழவு வீட்டுக்குப் போகிற பெண்கள் தெருமுனையிலிருந்தே குரல் எடுத்து அழுதுகொண்டு போக வேண்டும். வாயை மூடிக்கொண்டு போனால், செத்தது உண்மைதானா என்று பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறாள் என்பார்கள். அந்தச் சொல் அவளோடு போகாது, அந்த வீட்டில் வாழ்கிற மகளையும் சேர்த்துக் குத்தும். அழுதாலோ, இத்தனை நாள் கட்டிக் காத்தது எல்லாம் ஒரே மூச்சில் போய்விடும்.

டவுன் பஸ்ஸை விட்டு இறங்கியதும் என்னைக் கிள்ளினாள். தொண்டையைக் காட்டினாள். நான்தான் போய்ச் சொல்ல வேண்டும். சொல்லவும் செய்தேன். "டாக்டர் பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காக" என்றேன். கொட்டுச் சத்தத்தில் அது என் சேலைத் தலைப்போடு நின்றுபோனது.

அவள் வாயைத் திறக்காமல் போய்ப் பெண்கள் வட்டத்தில் உட்கார்ந்தாள். மகள் அவளை ஒரு பார்வை பார்த்தாள். செத்தவளின் தங்கை தலைமாட்டில் இருந்தாள். அவளுக்கும் நல்ல தொண்டை. ஒப்பாரியிலேயே குத்திக்காட்டுவதும், குத்துப்பட்டவள் ஒப்பாரியிலேயே பதில் சொல்வதும் எங்களுக்குப் புதிதில்லை. பிணத்தைக் கட்டிக்கொண்டு அழுகிற மாதிரி இருக்கும், வழக்கு அதுபாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும். தங்கைக்காரி இவளைப் பார்த்துக்கொண்டே எடுத்தாள்.

"வாசலுக்கு வந்தாக, வாய்நெறைய அழைச்சாக,
எலை போட்டுச் சோறு வைக்க ஏனக்கா மறந்தாக?"

வட்டத்தில் இருந்த அத்தனை தலையும் இவள் பக்கம் திரும்பின. இவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். என் தொடையில் அவள் விரல் இறங்கியது. நான் வாயைத் திறந்தேன். "யக்கா" என்று ஏதோ வந்தது. பக்கத்தில் இருந்தவள் எனக்கு விக்கல் என்று நினைத்து முதுகைத் தட்டினாள்.

பதில் வராத தைரியத்தில் தங்கைக்காரி அடுத்ததை எடுத்தாள்.

"ஊரெல்லாம் கூவினாக, ஜீப்பெல்லாம் நெறைச்சாக,
ஒனக்கொரு வாய்த் தண்ணி ஊத்த வரலையே எம்பொறப்பே."

இதற்கு மேல் அவளால் முடியாது என்று நினைத்தேன். கழுத்து நரம்பு புடைத்தது. வாய் திறந்தது. திறந்த வாய் திரும்ப மூடியது. கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக இறங்கியது. துக்கத்தால் வந்த கண்ணீர் இல்லை அது, எனக்குத் தெரியும். நறுக்கென்று ஒரு பதில் தொண்டை வரை வந்து திரும்பிப் போனால் யாருக்கும் வரும்.

வழக்கில் எதிராளி வாயைத் திறக்காவிட்டால் எவ்வளவு நேரம்தான் ஒருத்தியே பாடுவாள்? தங்கைக்காரி இழுத்து இழுத்துப் பாடினாள். பாடினதையே பாடினாள். குரல் கரகரத்தது, உடைந்தது, வெறும் காற்று வந்தது. கனைத்தாள். அந்தக் கனைப்பைக் கேட்டதும் இவள் எழுந்து போனாள். இடுப்பிலிருந்த பாட்டிலைத் திறந்து நீட்டினாள். கனைக்காதே என்று கையால் காட்டினாள். ஒரு மடக்குக் குடி என்று காட்டினாள்.

அத்தனை பேர் முன்னால், ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்காதவள் என்று பாடின வாய் இவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தது.

"இம்புட்டு வாய்க்காரி, அழக்கூட கொரல் வரலையே. நெஞ்சு அடைச்சுப் போச்சு பாவம். உள்ளுக்குள்ள எம்புட்டுப் பாசம் வச்சிருந்திருக்கா" என்று ஒரு கிழவி சொன்னாள். மற்றவர்கள் ஆமாம் என்றார்கள். மகள் வந்து இவள் தோளில் சாய்ந்துகொண்டாள். காமயகவுண்டன்பட்டியில் அதுவரை நடந்த எந்தச் சாவுக்கும் அவளைப் போல் அழுதவள் கிடையாது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

மறுநாள் தேனி. மறுபடியும் வயர். "வீக்கம் நல்லா கொறைஞ்சிருக்கு" என்றார் பயிற்சியம்மா. "காய்ப்பு கொஞ்சம் இருக்கு, பயிற்சியை விடாமப் பண்ணினா அதுவும் வத்தும். இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம். இனி மெதுவாப் பேசலாம். வயித்துல இருந்து மூச்சு, ஒதட்டுல அதிர்வு, நடுவுல தண்ணி. தோட்டத்துல கூப்பிட மட்டும் ஒரு சின்ன மைக் வாங்கிக் கழுத்துல மாட்டிக்கங்க. எங்க, ஏதாவது பேசுங்க பாப்போம்."

அவள் மெதுவாக, "சரிங்கம்மா" என்றாள். பழைய குரல்தான். நான் அதற்காகச் சந்தோஷப்பட்டேனா பயந்தேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

பஸ் பழனிசெட்டிபட்டியைத் தாண்டவில்லை. அவள் செல்போனை எடுத்தாள். யாருக்குப் போடுகிறாள் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பக்கம் தங்கைக்காரி "யாரு?" என்று கேட்டதுதான் தாமதம், முந்தின நாள் விழுங்கினதை எல்லாம் வெளியே எடுத்தாள்.

"படுத்த படுக்கையில பாக்க வராத் தங்கச்சி,
எழவு வீட்டு வாசலுல எலைக்கணக்குக் கேட்டியே."

தெருமுனையில் ஜீப்புக்குக் கூப்பிடுகிற அதே தொண்டை. முன்சீட்டுக் குழந்தை வீறிட்டது. டிரைவர் பிரேக்கில் கால் வைத்தார். கண்டக்டர் பதறிப்போய் ஓடிவந்து என்னிடம், "யாரும்மா தவறிட்டாக?" என்று கேட்டார்.

"இன்னும் யாரும் சாகலைங்க" என்றேன். "இவ தொண்டைதான் போகப்போகுது."

பஸ் முழுக்கச் சிரித்தது. அவள் பாட்டை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு பாட்டில் மூடி திறக்கிற சத்தம். ஒரு மடக்கு. 'ம்ம்ம்' என்று உதட்டை அதிரவைத்துப் பார்த்தாள். வயிற்றில் கையை வைத்து மூச்சை எடுத்தாள். போனை வாயோடு ஒட்டிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள், பயிற்சியம்மா சொல்லிக்காட்டின அதே பஞ்சுக் குரலில். பக்கத்தில் இருந்த எனக்கே பாதிதான் கேட்டது. அந்தப் பக்கம் தங்கைக்காரி போனைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரு சொல் விடாமல் கேட்டிருக்க வேண்டும். வைக்கவே இல்லை. நடுநடுவே அழுகிற சத்தம்தான் வந்தது.

வீரபாண்டி போனது, சின்னமனூர் போனது. உத்தமபாளையத்தில் ஆள் இறங்கி ஆள் ஏறினார்கள். அவள் தண்ணீரைக் குடித்துக் குடித்து, மெதுவாக, வரிசை தவறாமல் பாடிக்கொண்டே வந்தாள். கம்பத்தில் இறங்கும்போது பாட்டில்தான் காலியாகியிருந்தது. தொண்டை கட்டவே இல்லை.